மறுப்பு எழுதாத மச்சானுக்கு

மச்சான்,

இன்று மத்தியானம் சிதம்பரத்திலிருந்து வந்த செய்திக் கவரைப் பிரித்தேன். கருவாட்டு வாசனை குப்பென்று அடித்தது. பக்கத்து மேஜைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன சார், செய்தி வர்ற வழியிலயே கெட்டுப்போச்சா?" என்றார். நானும் சிரித்துவைத்தேன். நம் ஊர் பஸ் டிரைவர்கள் இன்னமும் கவரைப் பரங்கிப்பேட்டைக் கருவாட்டுக் கூடைமேல்தான் போட்டுக் கொண்டுவருகிறார்கள் போலிருக்கிறது. நீ திருப்பாதிரிப்புலியூருக்கு எனக்குக் கொடுத்தனுப்பிய கவர்களெல்லாம் இதே வாசனைதான். உள்ளே இருந்தது புது நிருபரின் கையெழுத்து. ஏதோ ஒரு தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்ட செய்தி. நாலு வரியாகச் சுருக்கி அச்சுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. என்னால் முடியவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போனேன், தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். மஞ்சள்காமாலையில் நீ படுத்திருக்கிறாய் என்று கார்டு வந்தபோதே கிளம்பி வந்திருக்கலாம். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டேன். மூன்றாவது ஞாயிறு வந்தபோது உன்னை அடக்கம் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இது ஆறி, புளித்து, இப்போது நுரை தள்ளுகிறது.

நம் சிநேகிதத்தைச் சொன்னால் இந்தச் சென்னை ஆபீசில் யாரும் நம்பமாட்டார்கள். நீ சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்துக்கொண்டு எதிர்க்கட்சியின் பேப்பருக்கு நிருபராக இருந்தாய். நான் திருப்பாதிரிப்புலியூரில் பேப்பர் ஏஜென்ட். ஆளுங்கட்சியைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய பேப்பருக்கு நிருபர். நம் இரண்டு பேப்பரும் தினமும் ஒன்றையொன்று கிழித்துத் தோரணம் கட்டும். நாம் இரண்டு பேரும் வியாழக்கிழமை தோறும் ஸ்டேஷன் எதிரே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்போம். நீ என்னை மாமா என்பாய், நான் உன்னை மச்சான் என்பேன். எந்த வழியில் மாமன், எந்த வழியில் மச்சான் என்று டீக்கடைக்காரர் கேட்டதற்கு, "பேப்பர் வழியில" என்றாய்.

எனக்கு டைபாய்டு வந்த வருடம்தான் அந்தத் திருட்டுத்தனம் ஆரம்பித்தது. நான் படுத்த படுக்கையாக இருந்தபோது என் செய்திகளையும் நீயே எழுதி அனுப்பினாய். உன் பேப்பருக்கு, 'கூட்டத்தில் மணல் தெரியாத அளவுக்கு மக்கள் வெள்ளம்.' என் பேப்பருக்கு, 'கூட்டத்தில் மணல்தான் தெரிந்தது.' ஒரே கூட்டம், ஒரே ஆற்று மணல். என் ஆபீசிலிருந்து, வழக்கத்தைவிடச் செய்தி காரமாக இருக்கிறது என்று பாராட்டு வந்தது. எனக்கு ஜுரத்திலும் சிரிப்பு தாங்கவில்லை. அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒருவர் போவது, இருவருக்கும் எழுதுவது, பஸ்ஸில் கொடுத்தனுப்புவது. நம் கையெழுத்து அந்தந்த ஆபீசுக்குத் தெரியுமென்பதால் வந்ததைத் தன் கையால் ஒருமுறை திருப்பி எழுதி அனுப்பிவிட வேண்டும். அது ஒன்றுதான் சட்டம். வந்ததை வந்தபடி எழுத வேண்டும் என்று தனியாக ஒரு சட்டம் நாம் போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருக்க வேண்டும்.

அறுபத்தேழில் ஆட்சி மாறியது. முடிவு வந்த அன்று நீ கடையிலிருந்த வாடகை சைக்கிள் அத்தனையையும் சும்மா ஓட்டிக்கொள்ளுங்கள் என்று தெருவில் விட்டாய். அதில் மூன்று திரும்பி வரவேயில்லை. "போகட்டும் மாமா, நம்ம ஆளுங்கதான் எங்கயாவது ஓட்டிக்கிட்டிருப்பாங்க" என்று நீ சொன்னபோது உன் கண்கள் கலங்கியிருந்தன. தோற்ற பேப்பர்க்காரனான எனக்கே அன்றைக்குப் பொறாமையாக இருந்தது. எதையாவது அவ்வளவு நேசிக்கத் தெரிந்தவனைப் பார்த்தால் யாருக்குமே கொஞ்சம் பொறாமை வரும்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, என் பேப்பர் கணக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. பத்து நாளாயிற்று, விலை இறங்கியதா? இருபது நாளாயிற்று, என்ன கிழித்தார்கள்? உன் பேப்பரோ, அமைச்சர் ஒருவர் தெருவோரக் கடையில் நின்று டீ குடித்ததை முதல் பக்கத்தில் படம்போட்டுப் பூரித்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கதைதான் இரண்டு பக்கமும்.

"கல்யாணம் ஆன மறுநாளே புள்ள எங்கன்னு கேக்குறீங்களே மாமா, இது அடுக்குமா?" என்று பெஞ்சில் எகிறினாய்.

"எங்க ஆட்சியில மட்டும் நீங்க கேக்காம இருந்தீங்களா?"

நீ டீயை ஊதிக்கொண்டே இருந்தாய். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

நூறு நாள் நெருங்கியபோது இரண்டு ஆபீசிலிருந்தும் ஒரே வாரத்தில் கடிதம். உன் பகுதியில் நூறு நாளில் ஏற்பட்ட மாற்றங்களை எழுதி அனுப்பு என்று உனக்கு. ஒரு மாற்றமும் ஏற்படாததை எழுதி அனுப்பு என்று எனக்கு. போய்ப் பார்ப்பதற்கு முன்பே விடை வந்துவிட்டது. நாம் சிரித்துக்கொண்டேதான் உன் கடையிலிருந்து இரண்டு சைக்கிளில் கீரப்பாளையத்துக்குக் கிளம்பினோம். பாக்கியத்தம்மாளைப் பார்த்தால் உன் செய்திக்கு நல்ல ஆரம்பம் கிடைக்கும் என்றாய்.

பாக்கியத்தம்மாள் நீ கண்டெடுத்த ஆள். கொள்ளிடத்துக்கு அக்கரையில் அறுப்புக்குப் போய்க் கூலியாக வாங்கி வந்த நெல்லை, மாவட்டம் விட்டு மாவட்டம் கடத்துகிறாய் என்று பாலத்துச் சோதனைச் சாவடியில் பறித்துக்கொண்டார்கள். அது பழைய ஆட்சி. நீ அதை எழுதினாய். எழுதிய எழுத்தில் ஊரே கொதித்தது. தேர்தல் மேடைகளில் அந்த அம்மாள் ஏறி ஒரு வார்த்தை பேசமாட்டாள். கையிலிருக்கும் காலிப் பையை உதறிக் காட்டிவிட்டு இறங்கிவிடுவாள். கைத்தட்டல் அடங்க நேரமாகும். எங்கள் கட்சி தோற்றதில் அந்தப் பைக்கும் ஒரு பங்கு உண்டு என்று நானே சொல்லியிருக்கிறேன்.

வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உன்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"எப்படிக்கா இருக்கு நம்ம ஆட்சி?" என்று நோட்டைத் திறந்தாய்.

"நம்ம ராஜ்ஜியம் தம்பி. ஒரு கொறையும் இல்ல."

உள்ளேயிருந்து, பிள்ளை பெற்றுப் பத்து நாளாகியிருந்த மகளின் குரல் வந்தது. "அரிசியப் புடுங்கிக்கிட்டதச் சொல்லேம்மா."

"நீ சும்மா கெட."

அப்புறம்தான் விஷயம் வந்தது. மகளுக்குப் பத்தியச் சோறு போட அக்கரையிலிருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய் நாலு படி அரிசி வாங்கி வந்திருக்கிறாள். அதே பாலம், அதே சாவடி, அதே ஆட்கள். போன வாரம். அவள் அதைச் சொன்ன விதம்தான் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. தன் வீட்டுப் பிள்ளை எங்கோ திருடிவிட்டதை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் சொல்வது மாதிரி சொன்னாள்.

"அங்க நிக்கிறது பழைய ஆளுங்கதான் தம்பி. ஆட்சி மாறின தாக்கல் அவுங்களுக்கு இன்னும் வரல போலிருக்கு. மேல இருக்கிறவுங்க என்ன பண்ணுவாங்க, இப்பத்தான வந்திருக்காங்க. இத எழுதிடாதீங்க." பிறகு என்னைக் காட்டி, "இவரும் எழுதக் கூடாது" என்றாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியும்.

திரும்பும்போது நீ முன்னால் வேகமாக மிதித்துப் போனாய். வாய்க்கால் மதகு வரை வந்து இறங்கி சைக்கிளை நிறுத்தினாய்.

"மாமா, உன் பேப்பருக்கு இத நான் எழுதித் தர்றேன்."

"அந்த அம்மா வேணாம்னுச்சே."

"பேரு போடல. என் பேப்பர்ல இது வராது. வராம மேல இருக்கிறவுங்களுக்கு எப்படித் தெரியும்? நம்ம ஆளுங்க காலையில மொதல்ல உன் பேப்பரத்தான் எடுப்பாங்க. எங்க திட்டியிருக்கான்னு தேடுவாங்கல்ல? அதுல இருந்தா கண்ணுல படும்."

ஒருவன் தான் நேசிக்கும் ஆட்சியைத் திருத்துவதற்கு எதிரியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். எனக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது. உன் பேப்பருக்கு நான் புகழ்ந்து எழுதித் தருவதாகப் பேசி முடித்தோம். அதை அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன். டீ குடித்த அமைச்சர் போதுமானதாக இருந்தார்.

உன் கவர் சனிக்கிழமை வந்தது. நீ எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது, மச்சான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு கூச்சல் இல்லை. நாலு படி அரிசி எப்படி அளந்து கட்டப்பட்டது, எந்த இடத்தில் முடிச்சு அவிழ்க்கப்பட்டது, பச்சை உடம்புக்காரி அன்று என்ன சாப்பிட்டாள். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தாய். 'இது புதியவர்கள் செய்த குற்றமல்ல. பழைய கை இன்னும் அங்கே நீண்டிருக்கிறது. ஓர் உத்தரவு போதும், அவர்கள் அதைப் போடுவார்கள் என்று அந்தத் தாய் நம்புகிறாள்.'

என் கையால் திருப்பி எழுதிக்கொண்டே வந்தேன். அந்த இரண்டு வரிக்கு முன்னால் பேனா நின்றது.

சென்னை ஆபீசில் உதவி ஆசிரியர் வேலைக்கு என் பெயர் அடிபடுகிறது என்று அந்த மாதம்தான் காதில் விழுந்திருந்தது. பேப்பர் கட்டுகளைச் சுமந்து சுமந்து எனக்குச் சலித்துப்போயிருந்தது. இந்த இரண்டு வரியைப் பார்த்தால், இவன் அந்தப் பக்கம் சாய்கிறான் என்று நினைப்பார்கள். எழுதியது நீ என்றுகூட எவனாவது மோப்பம் பிடிக்கலாம். நான் முற்றுப்புள்ளி வைத்துக் கவரை ஒட்டிவிட்டேன். அனுப்பியிருந்தாலும் அவர்களே வெட்டியிருப்பார்கள் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வெட்டியிருப்பார்கள்தான். ஆனால் வெட்டியது அவர்கள் இல்லை.

'நூறு நாள்: அதே சாவடி, அதே பறிமுதல்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. அடுத்த வியாழன் பெஞ்சில் உட்கார்ந்து முழுவதும் படித்தாய். முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாய். அதற்கடுத்த பக்கத்தையும் திருப்பினாய்.

"மிச்சம் எங்க மாமா?"

"டெஸ்க்ல வெட்டிட்டாங்க."

"அடப்பாவிங்களா" என்றாய். உடனே நம்பிவிட்டாய். நீ கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

அந்த இரண்டு வரி இல்லாமல் அது வெறும் வசைதான். பெயர் போடாவிட்டாலும் கீரப்பாளையத்துத் தாய் யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது. மேடையில் காலிப் பை காட்டியவளை வைத்தே உன் சிநேகிதன் நம்மைக் காலி செய்கிறான் என்று உன் கட்சிக்காரர்கள் உன் கடைக்கு வந்து குதித்தார்கள். உன் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அவள் வாயாலேயே வாங்கி, ஒரு வாரத்துக்குள் மறுப்புச் செய்தி அனுப்ப வேண்டும். நீ எழுதியதை நீயே பொய்யென்று எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

மறுபடி கீரப்பாளையத்துக்கு இரண்டு சைக்கிள். பாக்கியத்தம்மாள் இந்த முறை எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. உன்னிடம் மட்டும் பேசினாள்.

"எடுக்கலன்னு எழுதிக்க தம்பி. கையிலேர்ந்து ஒரு மணி அரிசி போகலன்னு எழுதிக்க. எங்க கேட்டாலும் சொல்றேன், கைநாட்டும் வெக்கிறேன்."

நீ பேனாவைத் திறந்தாய். நோட்டில் ஏதோ ஒரு எழுத்து போட்டாய். பிறகு மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டாய்.

"நீ சொல்லலாங்க்கா. உனக்கு உரிமை இருக்கு. நான் எழுத முடியாது."

வழியில் நான்தான் கெஞ்சினேன். "எழுதிடு மச்சான். என் பேப்பர் பொய் சொல்லுச்சுன்னே எழுது. நாங்க பாக்காத மறுப்பா?"

"நான் பொய்யின்னு எழுதிட்டா அந்தச் சாவடி காயிதத்துல இல்லாமப் போயிடும் மாமா. பாலத்துல அப்படியே இருக்கும். அப்பறம் யாரு போயி அத எடுக்கச் சொல்றது?"

நீ அனுப்பவில்லை. வேறு ஊர் நிருபர் ஒருவரை வைத்து மறுப்பைப் போட்டுக்கொண்டார்கள். உன்னிடமிருந்த நிருபர் அட்டையைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அப்போதாவது, 'அந்த இரண்டு வரியை நான்தான் விட்டுவிட்டேன், உன் ஆபீசுக்கு நானே கடிதம் எழுதுகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சென்னையிலிருந்து வரவேண்டிய உத்தரவு வரட்டும், பிறகு சொல்லலாம் என்று விழுங்கினேன். அதுதான் உண்மை, இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

ஆடி பிறந்ததும் நீ ஒரு கார்டு போட்டாய். சிறு மூட்டையோடு வரும் பெண்களைச் சாவடியில் நிறுத்தக் கூடாது என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்களாம். நீயே பாலத்துக்குப் போய் நாள் முழுக்க நின்று பார்த்திருக்கிறாய். 'படிக்கிறாங்க மாமா. திட்டினாலும் படிக்கிறாங்க. நம்ம ஆளுங்க இல்லையா?' என்று எழுதியிருந்தாய். அட்டையைப் பிடுங்கிக்கொண்டவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. சந்தோஷத்தில் பேனா குதித்திருந்தது, பாதி எழுத்து புரியவில்லை.

நீ அவ்வளவு ஆசைப்பட்ட அந்தச் செய்தி எந்தப் பேப்பரிலும் வரவில்லை, மச்சான். பறிமுதலே நடக்கவில்லை என்று மறுத்த உன் பேப்பர், நடந்தது நின்றுவிட்டதென்று எப்படிப் போடும்? என் பேப்பருக்கு நல்லது நடந்தால் அது செய்தியே இல்லை. நானும் அனுப்பவில்லை. அடுத்த மாதம் என்னைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டார்கள். "சாவடிச் செய்தி எழுதினவர் இவர்தான்" என்று ஆசிரியர் எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். நான் கும்பிட்டேன்.

உன் வீட்டுக்கு நான் வந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன். உன்னை இழந்த தங்கச்சி, வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாத இத்தாவில் இருந்ததால் உள்ளேயிருந்தபடியே, "வாங்கண்ணே, ரெண்டு தடவ உங்களத்தான் கேட்டாரு" என்றாள்.  வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பாக்கியத்தம்மாள் வந்தாள். கீரப்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். உள்ளே போய் அழுதுவிட்டு வெளியே வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"நீங்க எழுதினதுல அரிசி விடுறாங்க. இல்லன்னு சொல்லல. ஆனா அந்த வேதனையிலதான் அவரு பேனாவ வெச்சிட்டாரு. பொய்யும் எழுத மாட்டாரு, நம்ம ஆட்சியக் காட்டியும் குடுக்க மாட்டாரு. வேற என்ன செய்வாரு பாவம்?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது. எழுந்து நின்று சொன்னேன். "அம்மா, அத எழுதினதே அவருதான். உங்களுக்காக எழுதினாரு. புதுசா வந்தவுங்க மேல தப்பில்ல, அவுங்க சரி பண்ணுவாங்கன்னு நீங்க நம்புறதக்கூட எழுதியிருந்தாரு. அத எடுத்துட்டது நான். என் கையாலதான் எடுத்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். புரியவில்லையோ என்று மறுபடி சொன்னேன். உள்ளே தங்கச்சியின் அழுகை நின்றிருந்தது. அவளும் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். பாக்கியத்தம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"செத்த மனுசன் மேல போடாதீங்க தம்பி. அவரு நம்ம ஆளு. எழுதினது நீங்க. அந்தப் பாவத்த நீங்களே வெச்சிக்கங்க."

சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள். நான் பின்னால் போகவில்லை.

நானே வைத்திருக்கிறேன், மச்சான்.